முதல் இரண்டு மீட்டர்

ம்ம்ம்ம் என்று ஓர் ஓசை. எஃகுத் தகடு ஒன்று தன் போக்கில் நடுங்கி எழுப்பும் ஓசை. வண்டு என்று சொல்லலாமா என்றால் முடியாது, வண்டுக்கு அலைச்சல் உண்டு, இதற்கு இல்லை. இருந்த இடத்திலேயே நின்று முனகி, மெல்ல மெல்ல மெலிந்து, எப்போது நின்றது என்று காதுக்கே தெரியாமல் நின்றுவிடும். அறுபது வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றின் பௌதிக லேபில் கேட்டது. இப்போது அது ஏன் கேட்கிறது என்றால், இந்த ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சிக் கூடத்தில், மூலையில் ஒருவர் தோள்பட்டையில் அதிர்வு மெஷின் ஒன்றை அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், அது அதே சுதியில் முனகுகிறது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் டேவிட். எதிரே தரையில் மஞ்சள் டேப்பால் நான்கு கோடுகள், முதல் கோட்டின் மேல், வலது கையில் கைத்தடியுடன், ஜெசிந்தா. அவள் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை. கைத்தடியின் ரப்பர் முனையைத் தரையில் இரண்டு முறை தேய்த்துப் பார்க்கிறாள், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிறவள் மாதிரி. ஜெசிந்தா என் தோழி. அந்த லேபில் ஒரே மேஜையில் என்னோடு சோதனை செய்தவள், இப்போது ஒரே வீட்டில் என்னோடு இருப்பவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகி முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சம்பத் போய்ச் சேர்ந்த மறு வருஷம் பெட்டியும் சாமான்களுமாக ஆட்டோவில் வந்து இறங்கி, "ரெண்டு பேரும் ரெண்டு குக்கர் வைக்கிறது முட்டாள்தனம்டி கோமளம்" என்றாள். பதினோரு வருஷமாக ஒரு குக்கர்தான். இந்த வருஷம் சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது, உள்ளே இரும்புக் குண்டு வைத்துத் தைத்தார்கள். டேவிட் அவளுடைய அண்ணன் மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கெட்ட பையன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம்.

டாக்டர் சொன்னது எளிய கணக்கு. செகண்டுக்கு நாற்பது சென்டிமீட்டர் நடந்தால் வீட்டுக்குள் தானாகப் புழங்கிக்கொள்வார்கள், பயமில்லை. அதற்குக் குறைந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும், ஆள் என்றால் தூக்கிவிடத் தெம்புள்ள ஆள். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்காமல் இருக்கிறார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நடக்கச் சொல்லித் தரும் ரெஹானா வாரா வாரம் இந்தக் கோடுகளில் அவளை நடக்கவிட்டு அளக்கிறாள். முதல் வாரம் இருபது. அடுத்த வாரம் இருபத்தைந்து. போன வாரம் முப்பது. நான் கணக்கு நோட்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, இதற்கு நோட்டு எதற்கு, மூன்று எண், ராத்திரி கண்ணை மூடினால் பல்லிடுக்கில் பாக்கு மாதிரி சிக்கிக்கொண்டு வருகிறது. இருபது, இருபத்தைந்து, முப்பது. வாரத்துக்கு ஐந்து கூடுகிறது. இப்படியே போனால் இன்று முப்பத்தைந்து. நாற்பது இல்லை. நாற்பது வர வேண்டுமானால் இன்னும் ஒரு வாரம் வேண்டும், ஆனால் அறை இன்னும் ஒரு வாரம் காலியாக இருக்காது. ஒரே ஒரு வாரம். காலையில் ஆட்டோவில் வரும்போது இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "மணியடிச்சா சாப்பாடு, மணியடிச்சா ஜெபம், மணியடிச்சா தூக்கமாம். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல மணியடிச்சா எடுத்தவ நான். இனிமே எந்த மணிக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே முப்பத்தைந்து, முப்பத்தைந்து.

"ஆன்ட்டி, அந்தக் கோடு எதுக்கு, நாலு இருக்கே?" என்கிறான் டேவிட் காதருகே. நான் பதில் சொல்வதற்குள் ரெஹானாவே திரும்பிச் சொல்கிறாள், கையில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் அடையாள அட்டை, குரலில் காலையிலிருந்து பத்துப் பேரிடம் இதையே சொன்ன களைப்பு: "மொத்தம் பத்து மீட்டர் சார். முதல் ரெண்டு மீட்டர் கணக்குல வராது, கடைசி ரெண்டும் வராது. நடுவுல உள்ள ஆறுதான். கிளம்பும்போது எல்லாரும் மெதுவா கிளம்புவாங்க, முடியப்போகுதுன்னா தானா மெதுவாயிருவாங்க. அதெல்லாம் நிஜமான வேகம் இல்ல பாருங்க." அதெல்லாம் நிஜமான வேகம் இல்லை. சரிதான். வேகத்தை அளப்பவர்களுக்கு வேகம் பிறக்கும் இடம் தொந்தரவு. நின்றிருந்த ஒன்று நகரத் தொடங்கும் இடத்தை டேப் ஒட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும். எங்கள் லேபில் அந்த இடத்துக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். நீளமான பலகை, அதன் மேல் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, வண்டியின் முதுகில் வெள்ளைக் காகிதம். மேலே ஓர் எஃகுத் தகடு, நுனியில் மை தோய்த்த தூரிகை. வண்டியை விடும்போதே தகடும் விடுபட்டு நடுங்கத் தொடங்கும், ம்ம்ம்ம், காகிதம் அடியில் ஓட ஓட தூரிகை அதன் மேல் நெளிநெளியாய் அலை வரையும். ஒவ்வொரு அலைக்கும் ஒரே நேரம். ஆனால் தூரம் வேறு. முதல் அலைகள் நெருக்கமாக, புதிதாய்ப் பின்னத் தொடங்கிய சடை மாதிரி, பிறகு விரிந்து, பிறகு இன்னும் விரிந்து. ஸ்கேலை வைத்து அளந்தால் வண்டி வேகம் பிடித்த கதை முழுவதும் அந்தக் காகிதத்தில். முதலில் இருந்த வேகத்தைப் பிறகு வந்த வேகத்திலிருந்து கழி, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகு. வருவதுதான் முடுக்கம். நாங்கள் படித்தது இங்கிலீஷில், ரொம்ப காலம் கழித்து யாரோ ஒரு குழந்தையின் பாடப் புத்தகத்தில் முடுக்கம் என்ற சொல்லைப் பார்த்தபோது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஓசை கேட்டது. அதன் அலகு இன்னும் அழகு, செகண்டுக்கு, செகண்டுக்கு. நேரம் இரண்டு தடவை வரும். தங்கபாய் மிஸ் கரும்பலகை முன்னால் நின்று செகண்டுக்கு செகண்டுக்கு என்று சொன்னபோது ஜெசிந்தா என் காதில், "மிஸ்ஸுக்குத் திக்குதாடி?" என்றாள். நான் சிரித்து, வெளியே நிற்க வைக்கப்பட்டேன். அவள் நிற்கவில்லை. அவள் முகத்தில் எப்போதும் ஜெபம் செய்துகொண்டிருந்த மாதிரி ஒரு பாவனை வந்துவிடும்.

அவளால் வண்டியை வெறுமனே விட முடியாது. அதுதான் அவளுடைய குணம், குறை, இரண்டும். பிடித்திருக்கிற விரலை எடுத்தால் போதும், நூலில் தொங்கும் எடை இழுத்துக்கொள்ளும். ஆனால் இவள் எடுக்கும்போதே லேசாக ஒரு தள்ளு. "தள்ளாதே ஜெசிந்தா, விடு. அது தானா போகும்" என்பார் தங்கபாய் மிஸ். "நானும் கொஞ்சம் உதவி பண்ணலாமேன்னு மிஸ்." வகுப்பே சிரிக்கும். தள்ளிய வண்டியின் காகிதத்தில் முதல் அலையே அகலமாக இருக்கும், பூஜ்யத்திலிருந்து கிளம்பாத அலை. ஆனால் கணக்கு எழுதும்போது, ஆரம்ப வேகம் பூஜ்யம் என்று கூசாமல் எழுதுவாள். அடியே, நீ தள்ளியிருக்கே, பூஜ்யம்னு எழுதாதே, ஏற்கெனவே இருந்த வேகத்தைக் கழிக்கணும் என்று நான் சொல்வேன். "நான் தள்ளினது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கணக்குக்கு எதுக்குடி தெரியணும்?" விடை எப்போதும் கூடுதலாகவே வரும். ஒவ்வொரு வாரமும். பிறகு நான் என் காகிதத்தை நகர்த்திக் கொடுப்பேன். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது, யார் எதைக் கழிக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். டேவிட் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய அத்தையைக் கழிக்கிறான். மெயின்கார்டு கேட் கடைவீதி நெரிசலில் இரண்டு பைகளோடு முன்னால் போய்க்கொண்டு, பின்னால் வருகிறவர்களைத் திட்டிய அத்தை. அவளைக் கழித்தால் இன்று என்ன வந்தாலும் மைனஸ்தான், அவன் கண்ணில் அந்த மைனஸ் ஈரமாகத் தெரிகிறது. நான் கழிப்பது வேறொன்றை. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, கட்டில் விளிம்பில் அவளை உட்கார வைத்தார்கள். கால்கள் இரண்டும் தொங்கின. அசைக்கச் சொன்னார்கள், அசையவில்லை. அவள் தன் பாதங்களை, தவறுதலாக யாருடையதையோ எடுத்துவந்துவிட்ட செருப்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தக் காலையில் அவள் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. அதுதான் பூஜ்யம். அறுபது வருஷத்துக்கு முன்னால் தப்பாக எழுதிய பூஜ்யம் அன்றைக்குத்தான் அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. அதை டேவிட் பார்க்கவில்லை, அவன் வந்து சேர அன்று மதியம் ஆகிவிட்டது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்தி.

ஆனாலும் எனக்குப் பயம். கூடுகிற கணக்கு மட்டும் தெரிந்தவளாக இருந்தால் பயப்பட மாட்டேன். எனக்குக் குறைகிற கணக்கும் தெரியும். சம்பத் தினமும் காலையில் படுக்கையறையிலிருந்து வாசலுக்கு நடந்து போய்ப் பேப்பர் எடுத்து வருவார். வருகிறவர்கள் எல்லாரும், நன்றாகத்தானே நடக்கிறார் என்பார்கள். நன்றாகத்தான் நடந்தார், ஒவ்வொரு நாளும் அந்த நாளளவில் நன்றாகத்தான். நான் சமையலறையில் நின்று செருப்போசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சர், சர், சர். அடுத்த மாதம் சர்ர், சர்ர். ஓசைகளுக்கு நடுவில் இருக்கும் மௌனம் நீண்டுகொண்டே போனது. பால் பொங்கி வரும் வரைக்கும் அவர் வாசலைச் சேரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என்ன சொல்வது, செருப்போசையில் ஒரு மைனஸ் குறி இருக்கிறது என்றா. டாக்டர் கண்டுபிடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே என் காது கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்து என்ன ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து எந்த நடையோசையைக் கேட்டாலும் என் காது தானாக அளக்கிறது, மாடி வீட்டுக்காரர், பால்காரர், பூசாரி, யாரையும் விடுவதில்லை. ஜெசிந்தா வீட்டுக்குள் வாக்கரோடு நடக்கத் தொடங்கிய முதல் நாள் நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். டக், மௌனம், டக், மௌனம். மறுநாளும் கேட்டேன். அந்த மௌனம் ஒரு நூலளவு குறைந்திருந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். ஆசைப்பட்டுக் கேட்கிற காதை நம்பலாமா. நேற்று சாயங்காலம் டேவிட் சோபாவில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் எழுபத்தாறு ஆச்சு. நாளைக்கு அத்தை மறுபடி விழுந்தா நீங்க தூக்குவீங்களா?" என்றான். உள்ளேயிருந்து ஜெசிந்தா, "அவ தூக்க மாட்டாடா, பக்கத்துலயே படுத்துக்குவா, ரெண்டு பேரையும் சேர்த்து ஆள் வந்து தூக்கட்டும்" என்று கத்தினாள். அவன் சிரிக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எந்த நடையோசையும் இருக்காது, என்னுடையதைத் தவிர. தன் நடையோசையைத் தானே அளக்க முடியாது.

"ரெடியா ஜெசிம்மா? நான் சொன்னதும் கிளம்புங்க. அவசரமே இல்ல." தள்ளாதே என்று நான் சொல்கிறேன், சத்தம் வரவில்லை, உதடு மட்டும். விடு, தானாகப் போகும். அவள் என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், எழுபத்தாறு வயதிலும் ஜெபம் செய்துகொண்டிருக்கிற அதே முகம். ரெஹானா "போலாம்" என்பதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே தடியை ஊன்றி, தன்னையே ஒரு தள்ளு தள்ளிக்கொள்கிறாள். உடம்பு முன்னால் போய்விட்டது, கால் வரவில்லை. ஒரு கணம், அந்தக் கணத்துக்கு எத்தனை அலை, தோள் வலப்பக்கம் சரிகிறது, டேவிட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான், ரெஹானாவின் கை அவள் இடுப்புப் பட்டைக்குப் போகிறது, நான் எழவில்லை, என்னால் எழ முடியவில்லை, ஈரத் தரை, குளியலறைக் கதவு, உள்ளிருந்து வந்த அந்தத் தொப்பென்ற ஓசை, கோமளம் என்று கூப்பிட்ட குரலின் மெலிவு, எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. பிறகு கால் வந்துவிடுகிறது. பின்தங்கிய கால் விருட்டென்று வந்து தரையைப் பிடித்துக்கொள்கிறது. தடி, கால், கால். ரெஹானா கையை எடுத்துவிட்டாள். முதல் இரண்டு மீட்டர், யாரும் கணக்கில் சேர்க்காத இரண்டு மீட்டர், அதில்தான் இத்தனையும் நடந்தது. ஸ்டாப்வாட்ச் இப்போதுதான் டிக் என்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண் என்னை ஏமாற்றும், அவள் உதட்டைக் கடித்திருப்பதைப் பார்த்தால் மெதுவாகத் தெரிவாள், புடவைக் கொசுவம் ஆடுவதைப் பார்த்தால் வேகமாகத் தெரிவாள். காது போதும். டக், கால், கால். டக், கால், கால். நடுவில் இருக்கும் மௌனத்தைத் தேடுகிறேன். போன வாரம் அந்த மௌனத்துக்குள் நான் ஒரு மூச்சு இழுத்து விட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. இப்போது இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கிறது. விடுவதற்குள் அடுத்த டக். மூலையில் இருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது, அந்த முனகல் எப்போது நின்றது என்று தெரியவில்லை, கூடத்தில் அவளுடைய தடி மட்டும்தான். காகிதத்தில் அலைகள் விரிகின்றன. நெருக்கமாக, பிறகு கொஞ்சம் விரிந்து. பேராசைப்படாதே. ஐந்து கூடினால் முப்பத்தைந்து, அவ்வளவுதான், இயற்கை யாருக்காகவும் ஒரு வாரத்தைச் சுருக்கிக் கொடுக்காது.

ஸ்டாப்வாட்ச் மறுபடி டிக். மூன்றாவது கோட்டைத் தாண்டிவிட்டாள். இனி எல்லாரும் மெதுவாகும் இடம். கண்ணைத் திறக்கிறேன். அவள் மெதுவாகவில்லை. கடைசிக் கோடும் வருகிறது, தாண்டுகிறாள். "ஜெசிம்மா, நில்லுங்க, கோடு முடிஞ்சிருச்சு, நில்லுங்க!" அவள் நிற்கவில்லை. டக், கால், கால், மஞ்சள் டேப் ஒட்டாத வெறும் தரையில், எடை தூக்குகிற பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, ஒருவருடைய தண்ணீர் பாட்டிலைத் தடியால் ஓரமாய்த் தள்ளிவிட்டு, நேரே டேவிட்டிடம். பக்கத்தில் கையை நீட்டியபடியே ரெஹானா ஓடி வருகிறாள். டேவிட் இன்னும் எழுந்த இடத்திலேயே நிற்கிறான். ஜெசிந்தா அவன் விட்ட நாற்காலியைப் பிடித்து, திரும்பி, நிதானமாக உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னடா நிக்கிற? நான்தானே நடந்தேன், நீ ஏன் வேர்க்கிற?" என்றாள். ரெஹானா ஸ்டாப்வாட்சைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "முப்பத்தாறும்மா." டேவிட் மெல்ல, "நாற்பது வரலையே" என்றான். வருத்தத்தோடுதான் சொன்னான். ஜெசிந்தா என் பக்கம் திரும்பி, "ஏண்டி, பேசாம உக்காந்திருக்கே? போன வாரத்துக்கு எவ்வளவு கூடுச்சுன்னு சொல்லு அவனுக்கு. இந்தக் கணக்கெல்லாம் நீதானே போடுவே எனக்கு" என்றாள். ஆறு, என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஆறு கூடியிருக்கு டேவிட். முந்தின வாரமெல்லாம் அஞ்சு அஞ்சா கூடுச்சு. இந்த வாரம் ஆறு. வேகம் மட்டுமில்ல, கூடுறதே கூடியிருக்கு. அவ எங்க வந்து நிக்கிறான்னு பார்க்காதே, எங்கேருந்து கிளம்பினான்னு பாரு. ஆபரேஷனுக்கு மறுநாள் அவ கால் அசையல. நீ பார்க்கல, நான் பார்த்தேன்." அவன் என்னைப் பார்த்தான், பிறகு தரையில் அந்த நான்கு கோடுகளைப் பார்த்தான், பிறகு கடைசிக் கோட்டிலிருந்து தன் நாற்காலி வரைக்கும் கோடு எதுவும் இல்லாத தரையைப் பார்த்தான். அங்கேதான் அதிக நேரம் பார்த்தான். "அந்தத் தண்ணி பாட்டிலை ஏன் அத்தை தள்ளினே?" என்றான். "வழியில இருந்துச்சு" என்றாள். ரெஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டேவிட் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் உதடுகள் மட்டும் தெரிந்தன. ஜெசிந்தா என் கையைத் தேடிப் பிடித்தாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது. "ஆரம்பத்துல தள்ளிட்டேன்டி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. தெரியும், என்றேன். "அந்த ரெண்டு மீட்டர் கணக்குல இல்லையாம்ல?" இல்லை, என்றேன். "அப்புறம் என்ன." டேவிட் கதவைத் திறந்து உள்ளே வந்து, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன், ஆனால் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைக்காமல் நான் ஊருக்குப் போக மாட்டேன் என்றான், கண்டிப்பான குரலில், அவள் அண்ணனின் குரலில்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா ரயிலில் தனியாகக் கோயம்புத்தூர் போய் டேவிட் வீட்டில் தங்கிவிட்டு, புத்தாண்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள்.